முதல் கவுன்சிலிங் கேஸ்: ஈகன் மாதிரியோடு வார்டுக்குப் போகும் நர்சிங் மாணவிகளுக்கு

மூன்றாம் ஆண்டில் ஆளுக்கொரு கவுன்சிலிங் கேஸ் எடுத்து, ஏதாவது ஒரு கவுன்சிலிங் மாதிரியை (பேச்சைப் படிப்படியாக எப்படிக் கொண்டுபோவது என்ற வழிமுறையை) வைத்துப் பேசி, நடந்ததைப் பற்றி ரிஃப்ளெக்‌ஷன் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மேடம் சொன்னபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பேசத்தானே போகிறோம், கையில் வெயின்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போடவா சொன்னார்கள்? கேர் பிளான் எழுதுவதைவிடச் சுலபம் என்று நினைத்தேன். அந்த ஒரு கேஸ் பத்து நாள் இழுத்தது. நடுவில் ஒரு நாள் என் கிளையன்ட் என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தக் கதையையும் சேர்த்தே சொல்கிறேன். நான் விழுந்த பள்ளத்தைத் தாண்டி நீங்கள் புதிதாக வேறொரு பள்ளத்தில் விழுந்துகொள்ளலாம்.

கிளையன்ட் என்பது ரெக்கார்டுக்கான சொல். இங்கே அந்த அம்மா என்றே எழுதுகிறேன். ஐம்பதைத் தாண்டியவர், பூ கட்டி விற்பவர். பல வருடமாகச் சுகர். பாதத்தில் புண் ஆறாமல் வந்து படுத்திருந்தார். மாத்திரைக்குச் சுகர் அடங்கவில்லை என்பதால் காலை, இரவு இரண்டு வேளையும் இன்சுலின். வீட்டுக்குப் போவதற்குள் தானே போட்டுக்கொள்ளப் பழக வேண்டும். அவரோ ஊசியைக் கையில் வாங்கவே மாட்டேன் என்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நீங்களும் எழுதும்போது மாற்றுங்கள்.

மாதிரியைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள்

நான் எடுத்தது ஜெரார்ட் ஈகனின் மாதிரி. அவர் சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். 1975-ல் இந்த மாதிரியை வெளியிட்டார். அதில் மூன்று கட்டம், மூன்று கேள்வி. இப்போது என்ன நடக்கிறது? எப்படி இருந்தால் நன்றாக இருக்கும்? அங்கே போய்ச் சேர என்ன வழி? ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மூன்று சின்னப் படிகள் உண்டு, ஆக மொத்தம் ஒன்பது படிகள். பரீட்சைக்கு ஒன்பதையும் படியுங்கள். வார்டுக்கு மூன்று கேள்வியை மட்டும் எடுத்துப் போங்கள். ஒன்பதையும் மனதில் வைத்துக்கொண்டு பேசினால், அடுத்து எந்தப் படி என்ற யோசனையிலேயே எதிரில் இருப்பவர் சொன்னதைத் தவறவிடுவீர்கள்.

இதற்கெல்லாம் அடியில் கிடப்பது உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-ல் எழுதிய விஷயங்கள்: எதிரில் இருப்பவரின் இடத்தில் நின்று பார்ப்பது, நிபந்தனை போடாமல் மதிப்பது, நடிக்காமல் இருப்பது. படிக்கும்போது இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும்.

நர்சிங் கோட்பாட்டாளர் பெப்லாவின் மாதிரியை எடுக்கலாமே என்று தோழி கேட்டாள். 1952-ல் வந்த அந்த மாதிரி, செவிலிக்கும் நோயாளிக்கும் நடுவில் உறவு எப்படி வளர்ந்து முடிகிறது என்று சொல்கிறது. உட்கார்ந்த பிறகு எதைப் பேசுவது என்பதற்கு ஈகன்தான் கைகொடுக்கிறார். இன்னொரு வசதி, நாம் தினமும் எழுதும் நர்சிங் பிராசஸ் மாதிரியே இதுவும் தகவல், குறிக்கோள், திட்டம் என்று போகும். ஆபத்தும் அதே இடத்தில்தான். பழகிய பாதை என்பதால் முதல் கட்டத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டுத் திட்டத்துக்கு ஓடிவிடுவோம். நான் ஓடினேன்.

போவதற்கு முன்

யாரை எடுப்பது என்பதில் அவசரப்படாதீர்கள். வலியில் துடிப்பவர், காய்ச்சலில் உளறுபவர், ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியாதவர் இந்த மாதிரிக்கு ஆள் இல்லை. குரல் கேட்கிறது, யாரோ வருகிறார்கள் என்று சொல்லும் நிலையில் இருப்பவரிடமும் இலக்கு, திட்டம் என்று ஆரம்பிக்க வேண்டாம். முதலில் ஸ்டாஃப் சிஸ்டரிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். நேரத்தையும் அவரிடமே கேளுங்கள். ரவுண்ட்ஸ் முடிந்து, டிரெஸ்ஸிங் முடிந்து, மதியச் சாப்பாடு வருவதற்கு முன் ஒரு இடைவெளி கிடைக்கும். எங்கள் வார்டில் அது பதினொன்றரை மணி. பார்வையாளர் நேரத்தில் உட்கார்ந்தால் கட்டிலைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள், பக்கத்துக் கட்டில்காரரும் கருத்துச் சொல்வார்.

தனி அறை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வராந்தா பெஞ்சு, ஜன்னல் ஓரம், ஸ்கிரீன் இழுத்த கட்டில், இவற்றில் ஒன்றுதான் கிடைக்கும். அந்த அம்மாவை வீல்சேரில் வைத்து வராந்தாவின் கடைசிக்குத் தள்ளிக்கொண்டு போவேன். வேப்பமரம் தெரியும் இடம். அங்கே போனதுமே அவர் குரல் கொஞ்சம் மாறும்.

உட்கார்வதற்குச் ‘சோலர்’ என்று ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார் ஈகன் (கூரைமேல் வைக்கும் சோலார் இல்லை, ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து). நேர் எதிரே இரு, கை கட்டாமல் இரு, சற்று முன்னால் சாய், கண்ணைப் பார், இறுக்கமில்லாமல் இரு. இதை அப்படியே செய்யாதீர்கள். நேர் எதிரே உட்கார்ந்து கண்ணையே பார்த்தால் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு வைவா (வாய்மொழிப் பரீட்சை) மாதிரி இருக்கும். கொஞ்சம் பக்கவாட்டில், அவர் வேண்டும்போது உங்களைப் பார்க்கவும் வேண்டாதபோது வெளியே பார்க்கவும் முடிகிற மாதிரி உட்காருங்கள். நின்றுகொண்டு பேசவே பேசாதீர்கள். மடியில் கேஸ் ஷீட் வேண்டாம். யூனிஃபார்மில் குத்தியிருக்கும் வாட்சைக் குனிந்து பார்த்தீர்களோ, பேச்சு அங்கேயே முடிந்தது.

கையில் ஒரு வேலை இருந்தால் பேச்சு இன்னும் சுலபமாக வரும் என்பது நான் பார்த்தது. தலை வாரிவிடும்போது, நகம் வெட்டும்போது, பெட்ஷீட் மாற்றும்போது, முகத்துக்கு முகம் பார்க்காத அந்த நேரத்தில் ஜனங்கள் உண்மையைச் சொல்கிறார்கள்.

முதல் வார்த்தை

நான் யார், எத்தனை நாள் வருவேன், எதற்காகப் பேசுகிறேன், சொல்வதை யாரிடம் சொல்வேன். இந்த நாலையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் இப்போது சொல்வது இப்படி:

“அம்மா, நான் நர்சிங் ஸ்டூடண்ட். இந்த வார்டுல இன்னும் பத்து நாள் இருப்பேன். தினமும் ஒரு இருபது நிமிஷம் உங்களோட உட்கார்ந்து பேசலாமா? நீங்க சொல்றதை வீட்டுக்காரங்ககிட்ட சொல்ல மாட்டேன். எங்க மேடம்கிட்ட மட்டும் பேர் இல்லாம காட்டுவேன். உங்களுக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா மட்டும் சிஸ்டர், டாக்டர்கிட்ட சொல்லியாகணும்.”

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டு, அப்புறம் சொல்ல வேண்டி வந்தால் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வீர்கள். மனநலச் சிகிச்சையில் இருப்பவரின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. அதே நேரத்தில், 18 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பதாகத் தெரிய வந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். மாணவிதானே என்று ஒதுங்க முடியாது. உடனே உங்கள் மேடத்திடமும் டியூட்டி டாக்டரிடமும் சொல்லுங்கள்.

எப்படிக் கூப்பிடுவது? அம்மா, ஐயா, அண்ணா, அக்கா. வயதுக்குத் தக்கபடி வாயில் வருவது போதும். கட்டில் நம்பரைச் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் வார்டில் தானாக ஒட்டிக்கொள்ளும், கவனம். அவர்கள் உங்களைப் பாப்பா என்பார்கள், கண்ணு என்பார்கள். சிஸ்டர் என்று கூப்பிடச் சொல்லித் திருத்தாதீர்கள்.

முதல் கட்டம்: என்ன நடக்கிறது?

முதல் நாள் நான் செய்ததைச் சொல்கிறேன். ஃபிளாஷ் கார்டு எடுத்துப் போனேன். இன்சுலின் என்றால் என்ன, ஏன் போட வேண்டும், போடாவிட்டால் கண், கிட்னி, கால் என்னவாகும் என்று பத்து நிமிடம் பேசினேன். அந்த அம்மா நடுநடுவே “சரிம்மா, சரிம்மா” என்று தலையாட்டினார். கேஸ் நன்றாகப் போகிறது என்று சந்தோஷமாக எழுந்து வந்தேன். மறுநாள் காலை சிஸ்டர் ஊசி சொல்லிக்கொடுக்கப் போனபோது கையை மடக்கிக்கொண்டார்.

அந்தச் ‘சரிம்மா’வுக்கு அர்த்தம் ‘நீ கிளம்பு’ என்பது. மரியாதையான ஜனங்கள் நம்மை அப்படித்தான் வழியனுப்புவார்கள். ஒருவர் மூன்று தடவைக்கு மேல் ‘சரி’ சொன்னால் பேச்சை நிறுத்திவிடுங்கள். அவர் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்.

இரண்டாம் நாள் கார்டு இல்லாமல் போனேன். “நேத்து நானே பேசிட்டுப் போயிட்டேன். இன்னைக்கு நீங்க சொல்லுங்கம்மா, இந்த ஊசின்னா உங்களுக்கு என்ன தோணுது?” என்று கேட்டேன். பதில் வரவில்லை. எனக்கு வாய் துறுதுறுத்தது. மனதுக்குள் எண்ணினேன், முப்பது வரை வந்திருப்பேன். அப்புறம் சொன்னார்: “ஊசிக்கு வந்தாச்சுன்னா அவ்வளவுதான் பாப்பா. எங்க அண்ணனுக்கு ஊசி ஆரம்பிச்சாங்க, ஆறு மாசத்துல காலை எடுத்துட்டாங்க.”

முதல் நாள் இவரிடம்தான் ‘போடாவிட்டால் கால் போகும்’ என்று நான் கார்டு காட்டியிருக்கிறேன்.

இந்தக் கட்டத்தில் உங்கள் வேலை மூன்றுதான். கேட்பது, கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது, அதன் பின்னால் இருக்கும் உணர்ச்சியைத் தொடுவது. ‘நீங்கள் இப்படி உணர்கிறீர்கள், ஏனென்றால்...’ என்று ஒரு வாய்ப்பாடு கொடுப்பார்கள். அதைத் தமிழில் அப்படியே சொன்னால் டப்பிங் சீரியல் மாதிரி இருக்கும். “நீங்கள் பயமாக உணர்கிறீர்கள்” என்று எந்த ஊரில் யார் பேசுகிறார்கள்? நான் சொன்னது, “அண்ணனுக்கு நடந்ததைக் கண்ணால பார்த்துட்டு, இப்ப அதே ஊசியை உங்க கையில கொடுத்தா பகீர்னு இருக்காதா?” அவர், “இருக்காதா பின்ன!” என்றார். அந்த ‘பின்ன’ வந்துவிட்டால் நீங்கள் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள்.

நம் ஜனங்கள் உணர்ச்சியை உடம்பில் வைத்துத்தான் சொல்வார்கள். நெஞ்சு படபடங்குது, வயிறு எரியுது, தலை கிர்ருன்னு வருது, கை கால் ஓடலை. இதில் எது நெஞ்சு வலி, எது மன வலி என்று பிரிப்பது செவிலியின் வேலை. முதலில் நாடியும் பிபியும் பாருங்கள், பிறகு மனதைக் கேளுங்கள். எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வாக்கியம் ‘ஒரு மாதிரியா இருக்கு’. துக்கமும் அதுதான், பயமும் அதுதான், வாந்தி வருவதும் அதுதான், சுகர் இறங்குவதும் அதுதான். சுகர்காரர் இதைச் சொன்னால் கவுன்சிலிங்கை ஓரமாக வைத்துவிட்டு குளுக்கோமீட்டரை எடுங்கள். 70-க்குக் கீழே இருந்தால், விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, சிஸ்டரைக் கூப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ரீடிங் சரியாக இருந்தால் மட்டும், “எந்த மாதிரி இருக்குங்க?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

சொல்லக்கூடாத சொற்கள் மூன்று நம் நாக்கிலேயே உட்கார்ந்திருக்கும். கவலைப்படாதீங்க. ஒண்ணும் ஆகாது. எல்லாம் சரியாயிடும். வீட்டில் அன்பு என்றால் இப்படித்தான் சொல்லி வளர்ந்திருக்கிறோம், ஆகவே கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் இதைச் சொன்ன நொடியில் எதிரில் இருப்பவர் கவலையை மூடி உள்ளே வைத்துக்கொள்வார். ‘ஏன்’ என்று ஆரம்பிக்கும் கேள்வியும் வேண்டாம். “ஏன் ஊசி போட மாட்டேங்கிறீங்க?” என்பது திட்டுவதுபோல்தான் காதில் விழும். “என்ன யோசனையா இருக்கு?” என்று மாற்றினால் போதும்.

கூட இருப்பவர் பதில் சொல்வது இன்னொரு தொல்லை. நீங்கள் அம்மாவிடம் கேட்பீர்கள், மகன் பதில் சொல்வார். அவரைத் துரத்தாதீர்கள். அவரிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேசி, “உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லிட்டீங்க, இனி அம்மா வாயாலயே கேட்டுக்கிறேன்” என்று சொன்னால் பெரும்பாலும் டீ குடிக்கப் போய்விடுவார்.

கேட்டது போதும் என்று தோன்றும்போது மெதுவாக ஒரு மாற்றுப் பார்வையைக் காட்டலாம் என்கிறார் ஈகன். பெயர் ‘சேலஞ்ச்’ என்றாலும் எதிர்த்துப் பேசுவது இல்லை. ஊசியால் கால் போகவில்லை, சுகரால்தான் போனது என்று நான் விளக்கியிருந்தால் மறுபடி ஒரு ‘சரிம்மா’ கிடைத்திருக்கும். கேள்வியாகக் கேட்டேன்: “அண்ணனுக்கு ஊசி ஆரம்பிச்சப்போ கால் எப்படிம்மா இருந்துச்சு?” யோசித்தார். “அப்பவே விரலு ரெண்டு கறுத்துத்தான் போயிருந்துச்சு.” நான் வேறு எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு அதோடு எழுந்து வந்தேன். அந்தப் பத்து நாளில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அப்படி எழுந்து வந்ததுதான்.

எதை முதலில் எடுப்பது என்பது இந்தக் கட்டத்தின் கடைசிப் படி. அந்த அம்மா நாலு விஷயம் சொல்லியிருந்தார்: கால் வலி, வட்டிக் கடன், மகனின் குடி, ஊசி. நான் ஊசியைத்தான் எடுப்பேன் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். மேடம் கேட்கச் சொன்னார், “இதுல எது கொஞ்சம் சரியானா மத்தது லேசாகும்னு நினைக்கிறீங்க?” அவர் சொன்ன பதில் என் பட்டியலிலேயே இல்லை. “வீட்டுக்குப் போனா மருமகதான் ஊசி போட்டுவிடணும்னு பேசிக்கிறாங்க. அவகிட்ட வயித்தைக் காட்டிட்டு ரெண்டு வேளையும் நிக்கணுமா?”

நான் சறுக்கிய இடம்

அன்று சாயங்காலம் மருமகள் வந்திருந்தார். நல்ல பெண், கேரியர் கழுவிக்கொண்டிருந்தார். உதவி செய்கிற நினைப்பில், “அத்தைக்கு உங்ககிட்ட ஊசி போட்டுக்கக் கூச்சமா இருக்காம், நீங்கதான் தைரியம் சொல்லணும்” என்று சொல்லிவிட்டேன். மறுநாள் பதினொன்றரைக்குப் போனால் அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முந்தின ராத்திரி வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று பக்கத்துக் கட்டில் பாட்டிதான் சொன்னார்.

கேஸை மாற்றிக்கொள்ளலாமா என்று மேடத்திடம் கேட்டேன். மாற்றலாம், ஆனால் முதலில் போய்ப் பேசு என்றார். நம் இரண்டு பேருக்கு நடுவில் இப்போது நடப்பதை நேராக எடுத்துப் பேசுவது இந்த மாதிரியிலேயே ஒரு திறமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. படித்தபோது எனக்கு விளங்காத பகுதி அது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுற்றிப் போய், தரையில் உட்கார்ந்து சொன்னேன்: “நீங்க என்கிட்ட சொன்னதை நான் வெளிய சொல்லியிருக்கக் கூடாதும்மா. தப்புப் பண்ணிட்டேன். பேச வேணாம்னா சொல்லுங்க, நான் வரலை.” கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தரையில ஏன் உட்கார்ற, பாவாடை அழுக்காகும்” என்றார். நான் போட்டிருந்தது சுடிதார் யூனிஃபார்ம். அவ்வளவு கோபத்திலும் அப்படித்தான் வந்தது.

மன்னிப்புக் கேட்கும்போது காரணம் சொல்லாதீர்கள். ‘நல்லதுக்குத்தான் சொன்னேன்’ என்ற வரி தொண்டை வரை வரும், விழுங்கிவிடுங்கள்.

இரண்டாம் கட்டம்: எப்படி இருந்தால் நல்லது?

இது சின்னக் கட்டம், ஆனால் மாணவிகள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவது இதைத்தான். நாமாகவே ‘நோயாளி இன்சுலின் போடக் கற்றுக்கொள்வார்’ என்று குறிக்கோள் எழுதிவிடுவோம். அது நம் கேர் பிளானின் குறிக்கோள், அவருடையது இல்லை. “மூணு மாசம் கழிச்சு எப்படி இருந்தா நல்லாயிருக்கும்னு நினைக்கிறீங்க?” என்று கேளுங்கள். முதலில் ‘சாமி விட்ட வழி’ என்று வரும். அதை மறுக்காமல், “சாமி நல்ல வழி விட்டா எப்படி இருக்கும்?” என்று அதே வழியில் கூடவே போங்கள்.

அந்த அம்மா சொன்னது, “கடையில உட்காரணும். யாரு கையையும் எதிர்பார்க்கக் கூடாது.”

யாரு கையையும். ஊசியைத் தானே போட்டுக்கொள்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் நான் கார்டில் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. அதைக்கூட நான் சொல்லவில்லை. “மருமக கையையுமா?” என்று கேட்டேன், சிரித்துவிட்டார்.

மூன்றாம் கட்டம்: என்ன வழி?

இங்கே வழிகளை நிறையச் சேருங்கள், பிறகு அவரே தேர்ந்தெடுக்கட்டும். தானே போட்டுக்கொள்வது, பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவது, தெரிந்த நர்ஸ் அக்காவிடம் போவது என்று நாங்கள் மூன்று நாலு பேசினோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே வருவதையும் சொன்னேன். அவர் தானே போட்டுக்கொள்வதையே எடுத்தார்.

திட்டம் என்றால் எத்தனை மணிக்கு எது என்று இருக்க வேண்டும். அவருடைய நாள் விடியற்காலை நாலு மணிக்குப் பூ மார்க்கெட்டில் ஆரம்பிக்கிறது, பலகாரம் பத்து மணிக்குத்தான். ‘காலையில் ஊசி’ என்று நாம் எழுதிக் கொடுத்தால் நாலு மணிக்குப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு கிளம்பி மார்க்கெட்டில் மயங்கி விழுந்திருப்பார். இந்த விவரம் கேஸ் ஷீட்டில் எங்கேயும் இல்லை. டாக்டரிடம் சொன்னோம். எப்போது போடுவது, எவ்வளவு போடுவது எல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியது, மாணவி வாய் திறக்கக் கூடாது. மார்க்கெட்டிலிருந்து திரும்பி, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் என்று முடிவானது.

அடுத்த சிக்கல், வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. மண்பானை யோசனையை நான் சொல்ல வாயெடுக்கும் முன் அவரே சொன்னார், “பூவை ஈரத்துணி சுத்திப் பானையில வைக்கிற மாதிரி வைக்கலாமா?” வைக்கலாம். மருந்துப் பாட்டிலில் தண்ணீர் படாமல் ஒரு சின்ன டப்பாவில் போட்டு, தண்ணீர் உள்ள பானைக்குள் வைத்து, பானையை நிழலில் வைக்க வேண்டும். அப்புறம் சிரிஞ்சின் கோடு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் அதுவரை அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. கண் ஓபிக்கு அனுப்பினார்கள். சுகர்காரருக்கு எப்படியும் கண் பார்க்க வேண்டியதுதான். சிவப்பு மூடி சிரிஞ்ச் மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலுக்கு, ஆரஞ்சு மூடி மில்லிக்கு 100 யூனிட் உள்ள பாட்டிலுக்கு என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். மாறினால் அளவு தப்பிவிடும். “எனக்குச் சிவப்பு” என்று அவரே பக்கத்துக் கட்டிலுக்கு வகுப்பெடுத்தார்.

முதல் ஊசியைத் தானே தொடையில் போட்டுக்கொண்டபோது கை நடுங்கியது, எனக்கும்தான்.

உங்கள் கையில் நிற்காத விஷயங்கள்

பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது “செத்துட்டாத் தேவலை” என்று சொன்னால், பேச்சுவாக்கில் சொன்னதாக எடுத்துக்கொண்டு கடந்து போகாதீர்கள். நேராகக் கேளுங்கள்: “உயிரை விட்டுடலாம்னு நினைப்பு வருதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவரைத் தனியாக விட்டு நகராமல் ஆளனுப்பி சிஸ்டரையும் டாக்டரையும் வரவழையுங்கள். ஈகன் மாதிரியை அன்றைக்கு மூடி வையுங்கள். வீட்டுக்குப் போகிறவருக்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எழுதிக் கொடுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள். தற்கொலைக்கு முயன்று வார்டில் இருப்பவரிடம் ‘போலீஸ் கேஸ்’ என்று பயமுறுத்தும் வழக்கத்தில் நீங்கள் சேர்ந்துகொள்ளாதீர்கள். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது.

குடும்பத் தகராறுக்குத் தீர்ப்புச் சொல்வது, கடனுக்கு வழி சொல்வது, உங்கள் போன் நம்பர் கொடுப்பது, மூன்றும் வேண்டாம். நம்பர் கேட்டால் மறுக்கச் சங்கடமாக இருக்கும். “என் போஸ்டிங் மாறிடும்மா, ஓபியில சிஸ்டரைப் பாருங்க” என்று முதல் நாளே சொன்ன கணக்கை நினைவுபடுத்துங்கள். எட்டாம் நாளிலிருந்தே, “இன்னும் ரெண்டு நாள்தாம்மா” என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் கடைசி நாள் பூ வைத்துக்கொள்ளச் சொன்னார். யூனிஃபார்மில் பூ வைக்கக்கூடாது, ஆகவே சாயங்காலம் ஹாஸ்டலில் வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். பரிசு வாங்கலாமா என்று ரெக்கார்டில் ஒரு பாரா எழுதவும் உதவியது.

ரிஃப்ளெக்‌ஷன் எழுதுவது

கிப்ஸ் 1988-ல் வெளியிட்ட, அனுபவத்தைத் திரும்பிப் பார்க்கும் சுழற்சியைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். நடந்தது என்ன, என்ன உணர்ந்தாய், எது சரி எது தவறு, ஏன் அப்படி ஆனது, வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வாய். இந்த ஆறும் சமமாக வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் பகுதியை நாலு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் ‘இது எனக்கு நல்ல அனுபவமாக இருந்தது’ என்று முடித்தால் மேடம் சிவப்பு மையில் ‘என்ன அனுபவம்?’ என்று எழுதுவார். எனக்கு எழுதினார்.

‘என்ன உணர்ந்தாய்’ என்ற இடத்தில் பொய் எழுதாதீர்கள். அந்த அம்மா திரும்பிப் படுத்தபோது எனக்கு வந்தது வருத்தம் என்று முதலில் எழுதியிருந்தேன். யோசித்துப் பார்த்தால் முதலில் வந்தது கோபம். இவ்வளவு செய்தேனே, என்னிடமே முகத்தைத் திருப்புகிறாரே என்ற கோபம். அதை எழுதிய பிறகுதான் ‘ஏன்’ என்ற பகுதி தானாக வந்தது. மருமகளிடம் பேசியதில் பாதி உதவி, மீதி ‘என்னிடம் மனம் விட்டுப் பேசினார்’ என்று காட்டிக்கொள்ளும் ஆசை.

பிராசஸ் ரெக்கார்டிங்கை, அதாவது பேச்சை வரிக்கு வரி பதிவதை, பேசி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் எழுதுங்கள். எதிரில் உட்கார்ந்து குறிப்பெடுக்காதீர்கள். அவர் சொன்னது ஒரு பத்தியில், நீங்கள் சொன்னது அடுத்ததில், அப்போது உங்களுக்குள் ஓடியது மூன்றாவதில். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் நீங்கள் இன்னும் யோசிக்கவில்லை. பெயர், ஊர், கட்டில் எண் எதுவும் வேண்டாம். மொபைலில் கேஸ் ஷீட்டைப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள்.

ரெக்கார்டு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பார்கள். இருக்கட்டும், ஆனால் நோயாளி சொன்ன பத்தியைத் தமிழிலேயே எழுத அனுமதி கேளுங்கள். எங்கள் மேடம் உடனே சரி என்றார். ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பதை என் தோழி ‘பேஷண்ட் ஃபீல்ஸ் அன்ஈஸி’ என்று எழுதி வைத்திருந்தாள். அந்த ஐயா அன்று பசி என்று சொல்ல வெட்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னார் என்று அவளுக்கு மறுநாள்தான் தெரிந்தது.